மறதிக்காகச் செய்த சாமான் மறக்காதவருக்கு உதவுமா?

டிமென்ஷியாவுக்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயர் மறதி நோய். கோலாலம்பூர் மருந்துக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் டிமென்ஷியா என்று தேடினால் வந்து விழும் சாமான்களும் அந்தப் பெயரை நம்பியே செய்யப்பட்டவை: நேரம் வந்தால் கத்தும் மாத்திரை டப்பா, நாளும் கிழமையும் பெரிய எழுத்தில் காட்டும் கடிகாரம், கதவை மறைக்கும் திரை, சாவியைத் தேடித் தரும் வில்லை. அல்ஸைமர் நோயாளி இருக்கும் வீட்டில் இவற்றில் பாதிக்காவது வேலை உண்டு. ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா, சுருக்கமாக எஃப்டிடி, உள்ள வீட்டில் கதை வேறு. மூளையின் முன்பகுதியும் பொட்டுப் பகுதியும் தேயும் இந்த நோய் பெரும்பாலும் 45 வயதுக்கும் 65 வயதுக்கும் இடையில் தலைகாட்டுகிறது. முதலில் போவது ஞாபகம் அல்ல. அடக்கம், அக்கறை, நிதானம், இல்லையென்றால் பேச்சு. மாமாக் கடையில் நேற்று எவ்வளவு பாக்கி வைத்தோம் என்பது அவருக்குச் சரியாக நினைவிருக்கும். பக்கத்து மேசைக்காரர் தட்டிலிருந்து ரொட்டி சானாயைப் பிய்த்துத் தின்னக்கூடாது என்பதுதான் தோன்றாது.

இந்த ஒரு வித்தியாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் பொருள்களை எடைபோட்டால், விலை கூடியவை பல தேறவில்லை. தேறியவற்றில் மிக நல்லதற்கு ஒரு ரிங்கிட்கூட ஆகாது.

மாத்திரை டப்பாவிலிருந்து தொடங்கலாம். எல்லாரும் முதலில் வாங்குவது அதைத்தான். ஏழு நாள், நாளுக்கு நான்கு அறை, கூடவே மணி. எஃப்டிடி உள்ளவர் மாத்திரையை விடுவது மறந்துபோய் அல்ல. "எனக்கு என்ன நோய்? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பதால். தனக்கு நோய் இருக்கிறது என்ற உணர்வே இல்லாமல் போவதும் நோயின் ஒரு பகுதி. மணி அடித்தால் அணைத்துவிட்டு டிவி பார்ப்பார். வேறு சில வீடுகளில் பிரச்சினை நேர் எதிர்: வாயில் எதையாவது போட்டுக்கொண்டே இருக்கும் கட்டத்தில், ஒரு வாரத்து மாத்திரை ஒரே மத்தியானத்தில் காலியாகிவிடும். மணிக்குக் காசு கொடுக்க வேண்டாம். சாதாரண டப்பாவும் பூட்டிய அலமாரியும் போதும். மிட்டாய் மாதிரி இருக்கும் விட்டமின் கம்மிகளை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

டப்பாவுக்குள் என்ன போகிறது என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். டொனிபெசில் அல்ஸைமருக்கான மருந்து. எஃப்டிடியில் அது பலன் தருவதில்லை. சிலருக்குப் பரபரப்பைக் கூட்டிவிடும். முதலில் அல்ஸைமர் என்று சொல்லி, பிறகு எஃப்டிடி என்று திருத்தியிருந்தால், பழைய சீட்டில் அது அப்படியே தொடர்ந்துகொண்டிருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் வல்லாரை மாத்திரையை இதற்காக வாங்க வேண்டாம். வல்லாரைத் துவையல் அரையுங்கள், ருசியாவது மிஞ்சும்.

ஃபிரிட்ஜ் பூட்டு

இனிப்பின் மேல் அடங்காத ஆசை, எதையும் வாயில் திணிப்பது: நடத்தை வகை எஃப்டிடியை அடையாளம் காண 2011இல் சர்வதேச நிபுணர் குழு வகுத்த ஆறு அம்சங்களில் இதுவும் ஒன்று. டின் பாலைக் கரண்டி போட்டே தீர்ப்பதும், மைலோ தூளை அள்ளி அள்ளி வாயில் போடுவதும் இங்கே அடிக்கடி கேட்கும் புகார். எனவே ஃபிரிட்ஜுக்கும் சாமான் அலமாரிக்கும் பூட்டு தேவைப்படும். ஆனால் கடையில் தொங்குவதெல்லாம் குழந்தைகளுக்கானவை. இரண்டு பொத்தானை ஒன்றாக அழுத்தினால் திறக்கும் பட்டைப் பூட்டு இரண்டு வயதுப் பிள்ளையைத் தடுக்கும். கை வேலையும் கண் பார்வையும் அப்படியே இருக்கும் 58 வயதுக்காரரை அரை நிமிஷம்கூடத் தடுக்காது. எண் பூட்டு அதைவிட மோசம். நீங்கள் திறப்பதை இரண்டு தடவை பார்த்தால் எண் அவருக்குப் பாடமாகிவிடும். ஞாபகம் நன்றாகத்தானே இருக்கிறது. சாவி போட்ட கம்பிப் பூட்டு ஒன்றுதான் நிற்கும், சாவி உங்கள் கழுத்தில் தொங்கினால்.

ஒட்டும் வகையை வாங்கினால் தோற்பது பெரும்பாலும் பூட்டு அல்ல, பசைநாடா. நம் சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவின் மேல் தாளிப்பு எண்ணெய் ஒரு படலமாகப் படிந்திருக்கும். தட்டுகழுவும் சோப்பால் ஒரு முறை, மருந்துக் கடை ஸ்பிரிட்டால் ஒரு முறை துடைத்துக் காயவிட்டு, அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு 24 மணி நேரம் பூட்டாமல் விடுங்கள். அன்றைக்கே மாட்டினால் மறுநாள் கையோடு வந்துவிடும். சொரசொரப்பான கதவில் ஒட்டவே ஒட்டாது.

பூட்டுவதைவிட வாங்காமல் இருப்பது மேல் என்பது என் கணக்கு. வீட்டில் டின் பால் இல்லையென்றால் சண்டையும் இல்லை. பாத்திரம் கழுவும் திரவம், குளோராக்ஸ் போன்றவற்றுக்கு மட்டும் பூட்டைத் தவிர்க்க முடியாது. நோய் முற்றிய நிலையில் சாப்பாடு எது, சாப்பாடு அல்லாதது எது என்ற பேதம் சிலருக்கு அழிந்துவிடுகிறது.

கதவு மணி

அல்ஸைமர் வீடுகளுக்குச் சொல்லும் தந்திரங்கள் சில உண்டு: வாசல் கதவைச் சுவரின் நிறத்திலேயே பூசுவது, முன்னால் திரை போடுவது, கறுப்புப் பாயை விரிப்பது. இடத்தையும் உருவத்தையும் கண்டுகொள்ளும் சக்தி தளர்ந்தவரை இவை குழப்பும். எஃப்டிடியில் அந்தச் சக்தி வெகுகாலம் கெடாமல் இருக்கும். திரையை விலக்கிவிட்டுப் போய்விடுவார். இதற்கென்று விற்கும் கதவு ஒட்டுப்படங்கள் வீண் செலவு.

தேறுவது சின்ன காந்த மணி. ஒரு பாகம் கதவுச் சட்டத்தில், காந்தம் கதவில். இரண்டும் விலகினால் சத்தம் வரும். வன்பொருள் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். ஆனால் வாங்கிய அன்றே இரண்டு இடத்தில் சறுக்கும். முதலாவது, இடைவெளி. காந்தமும் பெட்டியும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குள் நேருக்கு நேர் இருக்க வேண்டும். இரண்டாவது, நம் ஊர் வீட்டுக்கே உரிய சங்கதி: இரும்பு கிரில். எஃகின் மேல் ஒட்டினால் காந்தத்தின் புலத்தை எஃகு இழுத்துக்கொள்ளும். காந்தம் அருகில் இருப்பதை உணரும் நாணல் சுவிட்ச் ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது. அதற்குக் காந்தம் எட்டாது. கதவு மூடியிருக்கும்போதே மணி கத்தும். பொருள் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஐந்து, ஆறு மில்லிமீட்டர் தடிமனில் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்து ஒட்டிப் பாருங்கள். பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டே போதும். கிரிலை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மரக்கதவில் மாட்டினால் இந்தத் தொல்லையே இல்லை.

சத்தம் எங்கே கேட்கிறது என்பதும் முக்கியம். மலிவான மணிகள் கதவிலேயே அலறும். அது நோயாளியைத்தான் திடுக்கிட வைக்கும். ஆத்திரத்தில் பிடுங்கி எறிவார். மணியின் பெட்டி வாசலிலும் ஒலிக்கும் பாகம் சமையலறையிலோ உங்கள் படுக்கை அருகிலோ இருக்கும் கம்பியில்லா வகைக்குச் சில ரிங்கிட் கூடக் கொடுக்கலாம். பொத்தான் பேட்டரி இறந்தால் மணி ஒன்றும் சொல்லாது, மௌனமாக இருக்கும். மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள்.

கிரிலை மாங்காய்ப் பூட்டால் பூட்டி, நோயாளியை உள்ளே வைத்துவிட்டுக் கடைக்குப் போவது நடக்கிற காரியம்தான். தீப்பிடித்தால் அது உயிருக்கே முடிவு. ஆள் இல்லாமல் பூட்டக் கூடாது. ஆள் இருக்கும்போது பூட்டினாலும், இன்னொரு சாவி வீட்டுக்குள் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும்.

இருப்பிடம் காட்டும் சாதனங்கள்

அல்ஸைமர் நோயாளி வழி தவறிவிடுவார். எஃப்டிடி உள்ளவர் பெரும்பாலும் வழி தவறுவதில்லை. தினமும் அதே நேரம், அதே சுற்று, அதே கடை என்று கடிகார முள் மாதிரி நடந்துவிட்டுத் திரும்பிவிடுவார். நடுவில் ஜாலான் ஈப்போவை வண்டி பார்க்காமல் கடப்பதும், கடையில் பணம் கொடுக்காமல் எடுப்பதும்தான் கவலை. ஆகவே எங்கே தொலைந்தார் என்று தேடித் தரும் கருவியைவிட, வழக்கமான சுற்றை விட்டு விலகினால் உடனே சொல்லும் கருவியே வேண்டும்.

சாவி தேட ஆப்பிள் விற்கும் வில்லையான ஏர்டேக் இந்தக் கடைசி வேலையைச் செய்யாது. அதற்குள் ஜிபிஎஸ் கிடையாது. அருகில் போகும் ஆப்பிள் கருவிகள் வழியாகத்தான் இடம் தெரியும். பெவிலியன் போன்ற இடத்தில் பளிச்சென்று காட்டும். ஆள் நடமாட்டம் குறைந்த தாமான் சந்தில் கடைசியாக எப்போதோ பார்த்த இடத்திலேயே நிற்கும். ஒரு எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கும் வசதியும் இல்லை. இன்னொரு சிக்கல்: உடைமையாளரின் போனைவிட்டுப் பிரிந்து 8 முதல் 24 மணி நேரம் ஆனபின், அசைக்கும்போது அதுவே கீச்சிடத் தொடங்கும். நோயாளி ஐபோன் வைத்திருந்தால், தெரியாத ஏர்டேக் ஒன்று உங்களோடு நகர்கிறது என்று அவர் போனிலேயே செய்தி வரும். அவரும் தேடி எடுத்துக் குப்பையில் போடுவார். ஐஓஎஸ் 17 முதல் ஒரு ஏர்டேக்கை இன்னும் ஐந்து பேரோடு பகிரலாம். நோயாளியின் கணக்கையும் அதில் சேர்த்துவிட்டால் இந்த எச்சரிக்கை வராது. சிஆர்2032 பேட்டரி ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடும் என்பது இதன் பெரிய பலம். பெல்ட்டின் உள்பக்கம் தைத்துவிடலாம். இரண்டாவது காவலாக வைத்துக்கொள்ளலாம், முதலாவதாக அல்ல.

முதல் காவலுக்கு சிம் போடும் ஜிபிஎஸ் கடிகாரம். எல்லை வரைந்து எச்சரிக்கை வாங்கலாம், அங்கிருந்தே பேசலாம். வாங்குமுன் 4ஜி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மலேசியாவில் 3ஜி 2021 இறுதியோடு மூடப்பட்டது. பழைய சரக்கு இன்னும் மலிவு விலையில் சுற்றுகிறது. இது தோற்பது வழக்கமாக இரண்டு காரணத்தால். ஒன்று, சார்ஜ். பெரும்பாலானவற்றுக்கு ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு தடவை தேவை; அவர் குளிக்கப் போகும் நேரத்தைச் சார்ஜ் நேரமாக்கிவிடுங்கள். இன்னொன்று, பிரீபெய்ட் சிம்மின் தவணை. அந்த எண்ணிலிருந்து யாரும் பேசுவதில்லை, காசும் குறைவதில்லை. ரீலோட் செய்ய மறந்துவிடுவோம். தேவைப்படும் நாளில் சிம் செத்துக் கிடக்கும். கட்டடத்துக்குள்ளும் நிலத்தடி எல்ஆர்டி நிலையத்திலும் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும். அதைப் பார்த்துப் பதறாமல் அடுத்த புள்ளிக்குக் காத்திருங்கள்.

ஒரு ரிங்கிட் ஆகாத சாமான்

பெயர் அட்டை அளவில் ஒரு சீட்டு. இங்கே சோதித்த எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் இதற்குத்தான். தே தாரிக் கடையில் அவர் பக்கத்து மேசைப் பெண்ணிடம் எக்குத்தப்பாக ஏதோ சொல்லிவிடுகிறார். நீங்கள் வாயைத் திறந்து விளக்கினால் அவர் கோபிப்பார். விளக்காவிட்டால் எதிராளி கோபிப்பார். சீட்டைச் சத்தமில்லாமல் நீட்டுங்கள்.

மலாய் மேலே, ஆங்கிலம் நடுவே, தமிழ் கீழே. மலாயில் "ஞாஞோக்" என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். அது கிழவர்களின் புத்தித் தடுமாற்றத்தைச் சொல்லும் சொல். நேராக நிற்கும் 55 வயது ஆளைக் காட்டி அப்படிச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மூளை நோய் என்று பொருள்படும் "பெஞாக்கிட் ஓத்தாக்" சட்டென்று புரியும். தமிழிலும் மறதி நோய் என்று எழுதாதீர்கள், அதே காரணம்தான். "இவருக்கு மூளையில் நோய். வேண்டுமென்று செய்யவில்லை. மன்னிக்கவும்." மூன்று வரி போதும். லேமினேட் செய்து பத்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த சீட்டு திரும்பி வராது.

படப் பலகை

பேச்சு குறைந்தவருக்கென்று விற்கும் படப் பலகைகளை வாங்குமுன், எந்த வகை என்று மருத்துவர் சொன்னதைத் திரும்பக் கேளுங்கள். சொல் தெரிந்தும் நாக்கு புரளாமல் திணறுகிற வகைக்குப் பலகை நன்றாக உதவும். சொல்லின் பொருளே அழிகிற வகையில், அதாவது "குடையை எடு" என்றால் "குடைன்னா என்ன?" என்று கேட்கும் வகையில், குடையின் படமும் வெறும் படம்தான். அங்கே கடைப் பலகையைவிட, அவர் வீட்டுக் குடை, அவர் டம்ளர், அவர் சட்டை ஆகியவற்றைப் போனில் எடுத்த படங்கள் இன்னும் கொஞ்ச காலம் கைகொடுக்கும். தமிழில் ஒரு கண்கட்டு உண்டு: எழுத்தைப் பார்த்தபடியே ஒலித்துவிடலாம் என்பதால் தமிழ்ப் பத்திரிகையைத் தங்குதடையில்லாமல் வாசிப்பார். வீட்டில் எல்லாரும் நன்றாகத்தானே இருக்கிறார் என்பார்கள். வாசித்த வரியின் அர்த்தத்தைக் கேட்டுப் பாருங்கள்.

கனமான கரண்டியும் கெட்டிப் பொடியும்

எஃப்டிடியின் உறவு நோய்களான பிஎஸ்பியிலும் (புரோகிரசிவ் சுப்ராநியூக்ளியர் பால்ஸி) சிபிஎஸ்ஸிலும் (கார்டிகோபேசல் சிண்ட்ரோம்) உடம்பே பாதிக்கப்படும். பிஎஸ்பியில் கண் கீழே இறங்காது, ஆள் பின்பக்கமாக விழுவார். கனமான கரண்டியை இவர்களுக்கு வாங்கித் தருகிறார்கள், அது கைநடுக்கத்துக்கானது. இவர் சோற்றைச் சிந்துவது தட்டு கண்ணில் படாததால். ஒரு சின்னப் பலகையின் மேல் வைத்துத் தட்டை 15, 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள், பாதிச் சிந்தல் நிற்கும். மேலும் கீழும் இரு பவர் உள்ள கண்ணாடியை எடுத்துவிட்டு, படிக்கத் தனிக் கண்ணாடி கொடுங்கள். லேசான அலுமினிய நடைச்சட்டம் இவர்களோடு சேர்ந்தே பின்னால் சாயும். உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

கெட்டிப் பொடி, தண்ணீர் போன்ற பானம் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்கப் பானத்தைக் கெட்டியாக்கும் தூள். பிஎஸ்பியிலும், எஃப்டிடியோடு, தசையை இயக்கும் நரம்புகள் தேயும் மோட்டார் நியூரான் நோயும் சேர்ந்தவர்களிடமும் விழுங்கும் தசை தளரும்போது இதற்கு வேலை வரும். நடத்தை வகையில் புரையேறுவது பெரும்பாலும் அவசரமாகத் திணிப்பதால். அங்கே பொடி எதற்கும் உதவாது. டீஸ்பூன் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு இட்லித் துண்டு மட்டும் தட்டில் வைப்பதுதான் மருந்து. எந்தக் கெட்டித்தன்மை என்பதை விழுங்கல் சிகிச்சையாளர்தான் முடிவு செய்ய வேண்டும். இருமல் வரவில்லை என்பதால் பத்திரம் என்று ஆகிவிடாது, சத்தமில்லாமலும் உள்ளே போகும். தேவைக்கு மேல் கெட்டியாக்கினால் அவர் குடிப்பதே குறைந்து, இந்த வெயிலில் நீர் வற்றிவிடும்.

பொடியில் இரண்டு குலம். ஸ்டார்ச் வகை மலிவு. எச்சில் பட்டதும் நீர்த்துவிடும், நேரம் ஆக ஆக இறுகிக்கொண்டும் போகும். சாந்தன் பசை வகை விலை கூட. எச்சிலில் கரையாது, நிலையாக நிற்கும். சாந்தனுக்கே என் ஓட்டு. பானத்தை ஊற்றி, முள்கரண்டியால் வேகமாகக் கலக்கிக்கொண்டே பொடியைத் தூவுங்கள். தண்ணீர் ஓரிரு நிமிஷத்தில் கெட்டியாகும். மைலோவுக்கும் பால் தேநீருக்கும் ஐந்து முதல் பத்து நிமிஷம் வேண்டும். இங்கேதான் எல்லாரும் தவறுவது: இன்னும் தண்ணியாக இருக்கிறதே என்று இன்னொரு கரண்டி போட்டு, அவர் குடிக்கும்போது அது களியாகியிருக்கும். தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யப் பார்த்தால் கட்டி கட்டியாகும். கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். 100 பிளஸ் மாதிரி வாயு உள்ள பானத்தை முதலில் திறந்து வைத்து வாயுவைப் போகவிடுங்கள், இல்லையென்றால் நுரை பொங்கி வழியும்.

டின்னில் இருக்கும் கரண்டி அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கெட்டித்தன்மையைச் சிகிச்சையாளர் நிலை எண்ணாகச் சொல்வார்; ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுகோலில் பானங்களுக்கு 0 முதல் 4 வரை. கண்ணளவை நம்பாமல் 10 மில்லி ஊசிக்குழாயால் சோதியுங்கள். சுழியத்திலிருந்து 10 வரை உள்ள நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கும் குழாயே செல்லும். உலக்கையை உருவிவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 வரை ஊற்றி, விரலை எடுத்துச் சரியாக 10 விநாடியில் மறுபடி அடையுங்கள். 1 மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் நிலை 0, அதாவது வெறும் தண்ணீர். 1 முதல் 4 வரை நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. 8க்கு மேல் மிஞ்சினாலும் கொஞ்சமாவது இறங்கியிருந்தால் நிலை 3. ஒரு சொட்டும் இறங்காவிட்டால் நிலை 4. எந்தச் சூட்டில் கொடுப்பீர்களோ அந்தச் சூட்டிலேயே அளந்து பாருங்கள். தே தாரிக் என்றால் நுரை அடங்கிய பிறகு.

பொடி பானத்தை மட்டும்தான் காக்கும். ரசம் ஊற்றிய சோறு, பாலில் ஊறிய ஆப்பம், ஐஸ் கச்சாங் மூன்றிலும் கட்டியும் நீரும் தனித்தனியாக வாயில் பிரியும். விழுங்கத் தடுமாறுபவருக்கு அதுதான் மிகக் கஷ்டம். ஐஸ்கிரீமும் ஜெலட்டின் ஜெல்லியும் பார்க்கக் கெட்டி, வாயில் தண்ணீர்.

மலச்சிக்கலுக்கு மேக்ரோகோல் தூள் எழுதிக் கொடுத்திருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டார்ச் வகையால் கெட்டியாக்கிய பானத்தில் அதைக் கலந்தால் முழுவதும் நீர்த்து, பழையபடி தண்ணீராகிவிடும். பாக்கெட்டைப் பிரிக்குமுன் டின்னைத் திருப்பி, சாந்தனா ஸ்டார்ச்சா என்று பாருங்கள். ஸ்டார்ச் என்றால் கலக்காமல், டின்னையும் பாக்கெட்டையும் ஒன்றாக எடுத்துப் போய் மருந்தாளரிடம் காட்டுங்கள்.